கோப்பையில் 1119 என்று இருந்தால்: எல்லையோரப் பள்ளியின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோருக்கு

செங்கோட்டை வட்டாரத்துப் பழைய உயர்நிலைப் பள்ளி ஒன்று மலர் போடுகிறது. அதில் பள்ளியின் விளையாட்டு வரலாற்றுக்கும் சில பக்கங்கள். கையில் இருப்பவை, தலைமையாசிரியர் அறையில் கறுத்துப்போன கோப்பைகள், சுவரில் நாலைந்து குழுப்படங்கள், பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) அறை மரப்பெட்டியில் கொஞ்சம் பழைய நோட்டுகள். எங்கே தொடங்குவது, எதை எவ்வளவு நம்புவது என்பது கேள்வி.

கோப்பையில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், அதனால்தான் எல்லாப் பள்ளி மலர்களும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு நாள் மாலை யார் ஜெயித்தார்கள் என்பதுதான் கோப்பைக்குத் தெரியும். வருஷம் முழுக்க அந்த மைதானத்தில் என்ன நடந்தது என்பது ஸ்டாக் ரிஜிஸ்டருக்குத் தெரியும். முதலில் அதை எடுங்கள்.

பழைய இருப்புப் பதிவேட்டில் இந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: 'ஃபுட்பால் கேஸ் 2, பிளாடர் 6, லேஸ் 6, லேசிங் ஊசி 1, பம்பு 1.' அன்றைய பந்து வெளியே தோல் உறை, உள்ளே ரப்பர் பிளாடர் என்று இரண்டு பாகம். பிளாடருக்குக் காற்றடித்து, வாயைக் கட்டி உள்ளே தள்ளி, உறையின் வாயைத் தோல் வாரால் ஊசி கொண்டு இழுத்துத் தைப்பார்கள். முள் குத்தினால் போவது பிளாடர். சாரலில் நனைந்து, வெயிலில் காய்ந்து, தையல் விட்டுப்போவது உறை. ஆகவே இரண்டு உறைக்கு ஆறு பிளாடர் வாங்கிய வருஷத்தில் பந்து தினமும் உதைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருஷமாக 'கேஸ் 2, பிளாடர் 2' என்றே வந்தால் பந்து பீரோவுக்குள் தூங்கியிருக்கிறது.

ஆனால் இருப்புப் பத்தியை அப்படியே நம்பக்கூடாது. வருஷக் கடைசியில் போன வருஷத்து இருப்பைப் பார்த்து எழுதி, சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடுவது அன்றும் இன்றும் உள்ள வழக்கம். பில் எண்ணோடு இருக்கும் வரவுப் பத்தி, 'கண்டம் செய்யப்பட்டது' என்ற கழிவுக் குறிப்பு, இந்த இரண்டுதான் உண்மை பேசும். கூடவே விளையாட்டுக் கட்டணக் கணக்கின் ரொக்கப் புத்தகம் கிடைத்தால் பாக்கியம். அணி எந்த ஊருக்கு, எத்தனை பேர், எந்த வண்டியில் போனது என்பது அதில்தான் இருக்கும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் டிரில் மாஸ்டர் பெயருக்கு நேரே 'ஆன் டூட்டி' என்று இருக்கும் தேதிகளை அதோடு பொருத்திப் பாருங்கள். போட்டி நடந்த நாள் தானாக வந்து நிற்கும்.

டிரில் மாஸ்டர் என்ற பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பதிவேட்டின் தொடக்கப் பக்கங்களில் மரத் தம்பெல்ஸ், கர்லாக்கட்டை என்று வரும். வரிசையாக நிறுத்தி, எண்ணிக்கை சொல்லிச் செய்யும் உடற்பயிற்சி அது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் பள்ளிகளுக்கு வரத் தொடங்கிய பிறகு தம்பெல்ஸ் குறைந்து வாலிபால், பாஸ்கட்பால் நெட்டுகள் ஏறும். உங்கள் பதிவேட்டில் அந்த மாற்றம் எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று பாருங்கள். அதே வருஷத்து ஆசிரியர் நியமனப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

இனி கோப்பைக்கு வரலாம். செங்கோட்டைப் பகுதி 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அதன் பிறகுதான் தமிழ்நாடு (அன்றைய சென்னை மாநிலம்). திருவிதாங்கூரில் நடைமுறையில் இருந்தது கொல்லம் ஆண்டு. கோப்பையின் அடியில் 1119 என்று வெட்டியிருந்தால் அது சோழர் காலம் இல்லை. ஆவணி முதல் மார்கழி நடுவரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடிக் கடைசி வரை உள்ள தேதிக்கு 825. மாதப் பெயர்கள் மலையாள முறையில் இருக்கும்: சிங்கம் என்றால் நம் ஆவணி, துலாம் ஐப்பசி, தனு மார்கழி, கும்பம் மாசி, மேடம் சித்திரை, கர்க்கடகம் ஆடி. 1119 துலாம் என்றால் 1943 அக்டோபர்-நவம்பர். 1119 கும்பம் என்றால் 1944 பிப்ரவரி-மார்ச். தனு மாதத்தில் மட்டும் நாளைப் பார்க்க வேண்டும், ஜனவரி 1 அந்த மாதத்தின் நடுவில் விழுகிறது. மாதமே இல்லாமல் 1119 என்று மட்டும் இருந்தால் மலரில் '1943-44' என்று போடுங்கள். ஒரே வருஷமாக முடிவு கட்டிவிட்டால், அடுத்தவர் அதை மேற்கோள் காட்டி, பிழை வழிவழியாகப் போகும்.

கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 7 பணம், ஒரு பணத்துக்கு 4 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் 28 சக்கரம் 8 காசு. பக்கத்துத் தென்காசியில் அதே காலத்தில் ரூபாய்-அணா-பைசா ஓடிக்கொண்டிருந்தது, ரூபாய்க்கு 16 அணா. எல்லைக்கு அந்தப் பக்கக் கடையில் பந்து வாங்கியிருந்தால் பில் அணாவிலும் பதிவேடு சக்கரத்திலும் இருக்கும். தொகை ஒத்துப்போகவில்லை என்று யாரையும் சந்தேகிக்கும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

எல்லை மாறியது விளையாட்டுக்கு என்ன செய்தது என்பதுதான் இந்த வட்டாரப் பள்ளிக்கே உரிய கதை. அதை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். 1956 வரை இந்தப் பள்ளியின் எதிரணிகள் புனலூர், கொல்லம் பக்கத்துப் பள்ளிகள். 1904 முதல் மலைக் கணவாய் வழியே மீட்டர்கேஜ் ரயில் இருந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறத்தாழ 49 கிலோமீட்டர். செங்கோட்டைத் தாலுகாவும் முழுசாக இந்தப் பக்கம் வரவில்லை, ஆரியங்காவு உள்ளிட்ட மேற்குப் பகுதி கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஒரே தாலுகாவில் மோதிக்கொண்டிருந்த அணிகள் இரண்டு மாநில அணிகளாகிவிட்டன. அந்த மாற்றம் 1956-57 கல்வியாண்டின் நடுவில் விழுகிறது. அந்த வருஷம் பள்ளி எந்தப் பக்கப் போட்டிக்குப் போனது, போனதா இல்லையா என்பதை ரொக்கப் புத்தகத்தின் பயணச் செலவுதான் சொல்ல முடியும். 'அந்த வருஷம் பரிசு எதுவும் இல்லை' என்று எழுதுவதும், 'அந்த வருஷம் எந்த மாவட்டப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியவில்லை' என்று எழுதுவதும் ஒன்றல்ல.

'மாவட்ட முதலிடம்' என்ற சொல்லையும் அந்தந்தக் காலத்துக்கு வைத்துப் பாருங்கள். 1956-க்கு முன்பு அது கொல்லம் மாவட்டம், பிறகு திருநெல்வேலி. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் பிரிந்துபோனது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். 1970-ல் மாவட்டத்தில் ஜெயித்த அணி கோவில்பட்டி, தூத்துக்குடிப் பள்ளிகளையெல்லாம் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். இன்று தென்காசி மாவட்ட முதலிடத்துக்கு அந்த ஊர்களைச் சந்திக்க வேண்டியதே இல்லை. அதோடு கல்வி மாவட்டம் வேறு, வருவாய் மாவட்டம் வேறு. சான்றிதழில் எது என்று பார்த்து, அதையே எழுதுங்கள். குறுவட்டத்தில் ஜெயித்ததை மாவட்டம் என்று ஏற்றிவிடுவது பழைய மாணவர்களின் செல்லக் குற்றம்.

1956-க்கு முந்தைய செய்திகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தையும், மலையாள மனோரமா, தீபிகா போன்ற நாளிதழ்களின் பழைய தாள்களையும் பார்க்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று வருகிறவர்கள் தவறான கதவைத் தட்டியவர்கள்.

அளவுகள் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், மலர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகின்றன.

மெட்ரிக் வருவதற்கு முன் ஓட்டங்கள் கெஜத்தில்: 100, 220, 440, 880 கெஜம், மைல். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். அந்த நேரத்தை 100 மீட்டர் சாதனையாகப் போட்டால், பின்னால் வந்த எந்தப் பையனாலும் அதை முறியடிக்க முடியாது. ஒரு பள்ளியின் 'முறியடிக்கப்படாத சாதனை' இப்படித்தான் பிறக்கிறது. கணக்குப் போட்டு மாற்றவும் வேண்டாம். கெஜ சாதனைகள் ஒரு பட்டியல், மீட்டர் சாதனைகள் இன்னொரு பட்டியல், அவ்வளவுதான்.

நேரத்தைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஸ்டாப்வாட்சுகள் பல ஒரு விநாடியை ஐந்தாகத்தான் பிரித்தன. நோட்டில் '11-2' என்று இருந்தால் அது 11.2 விநாடியாகவும் இருக்கலாம், 11 விநாடியும் ஐந்தில் இரண்டும், அதாவது 11.4 ஆகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்த நோட்டு முழுக்கப் புரட்டி, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்களை மட்டும் பாருங்கள். எங்கேயும் 4-க்கு மேல் வரவில்லை என்றால் அது ஐந்தில் பங்கு வாட்சு. 7, 8, 9 வந்தால் பத்தில் பங்கு. நீளம் தாண்டுதலில் '17-11' என்றால் 17 அடி 11 அங்குலம், 5.46 மீட்டர். நடுவில் உள்ள கோட்டைப் புள்ளியாக்கி 17.11 மீட்டர் என்று அச்சடித்தால் அது உலக சாதனையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

குண்டு எறிதலில் தூரத்தோடு குண்டின் எடையும் வேண்டும். 12 பவுண்டு என்பது 5.44 கிலோ, 16 பவுண்டு 7.26 கிலோ. இன்று 17 வயதுக்குட்பட்ட மாணவர்கள் எறிவது 5 கிலோ. எடை தெரியாத தூரத்தைச் சாதனைப் பட்டியலில் ஏற்றாமல், செய்தியாக மட்டும் சொல்லுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'ஷாட் 12 பவுண்டு' என்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

உயரம் தாண்டுதலில் வேறு விஷயம். முதுகு கீழே வரும்படி தாண்டும் ஃபாஸ்பரி முறை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் உலகுக்குத் தெரிந்தது. அது ஃபோம் மெத்தை இருந்தால்தான் முடியும், மணல் குழியில் முதுகு விழத் தாண்டினால் கழுத்து போய்விடும். மணல் குழி மட்டுமே இருந்த பள்ளியில் பையன்கள் கத்தரி முறையில் தாண்டிக் காலில் இறங்கினார்கள். மெத்தை வந்த வருஷத்தைக் கண்டுபிடித்து, சாதனைப் பட்டியலில் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.

அடுத்து மைதானம். டிராக்கின் மூலைகளில் புதைத்த குறிக்கற்கள் இன்னும் இருந்தால் ஸ்டீல் டேப்பால் அளந்து பாருங்கள். துணி டேப் இழுத்தால் நீளும், கயிறு காய்ந்தால் ஒரு அளவு நனைந்தால் ஒரு அளவு. சிறிய மைதானத்தில் 200 மீட்டர் டிராக்குக்கு வழக்கமான கணக்கு இது: நேர்க்கோடு இரண்டும் 40 மீட்டர், வளைவு இரண்டும் 60 மீட்டர். ஓடுபவரின் பாதை ஆரம் 19.10 மீட்டர். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு, ஆகவே கோடு போட வேண்டிய ஆரம் 18.90. இந்த 20 சென்டிமீட்டரை மறந்து, கோட்டையே 19.10-ல் போட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு 1.26 மீட்டர் கூடும்.

கெஜ காலத்துக் கற்கள் என்றால் டிராக் 220 கெஜமாக, அதாவது 201.17 மீட்டராக இருக்கும். மெட்ரிக் வந்த பிறகும் கல்லைத் தோண்டி நட யாருக்கும் பொழுதில்லை, அதே சுற்றை 200 மீட்டர் என்று சொல்லி ஓடவிட்டிருப்பார்கள். ஏழரைச் சுற்று 1,500 மீட்டர் ஓட்டத்தில் பையன் கிட்டத்தட்ட 8.8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறான். நாலரை நிமிஷத்தில் முடிப்பவனுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை விநாடி. அவன் பதிவானதைவிட வேகக்காரன்.

100 மீட்டர் நேர்ப்பாதை எந்தத் திசையில் இருந்தது என்றும் பாருங்கள். ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று செங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தடகள விதிப்படி விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் 100, 200 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் அது சாதனையாகாது. மேற்கிலிருந்து கிழக்காக ஓடிய ஆடி மாதத்து நேரங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பாருங்கள். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம்.

குழு விளையாட்டுகளில் பெயரே ஏமாற்றும். தென்தமிழ்நாட்டிலும் திருவிதாங்கூரிலும் பழைய நோட்டுகளில் வெறுமனே 'பேட்மின்டன்' என்று இருந்தால் பெரும்பாலும் அது இறகுப்பந்து அல்ல, ஐந்து பேர் ஆடும் பூப்பந்து. பக்கத்திலேயே 'உல்லன் பால் 2 டஜன்' என்று இருக்கும், சந்தேகம் தீரும். அப்போது ஒரு ஆட்டம் 29 புள்ளி, பிறகு 35 ஆனது. வாலிபாலில் 15-2, 15-13 என்று பார்த்தால் அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அன்று சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டும்தான் புள்ளி, செட்டும் 15-க்குத்தான். 25 புள்ளி முறை 1990-களின் கடைசியில் வந்தது. சடுகுடு, கபடி இரண்டும் ஒரே நோட்டில் வந்தால் ஒரே விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பக்கம் கோப்பை குறைவாக இருக்கும். டென்னிகாய்ட் வளையம், த்ரோபால் இவற்றைப் பதிவேட்டில் தேடுங்கள், ஆட்டம் நடந்ததற்கு அதுதான் சாட்சி. பழைய விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரலில் மாணவிகளுக்கு நீண்ட தூர ஓட்டம் இல்லாததை உங்கள் பள்ளியின் குறையாக எழுத வேண்டாம். 1928-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு 800 மீட்டர் 1960-ல்தான் திரும்பி வந்தது.

சான்றிதழ்களைப் பிரிக்கும்போது 'ஒரு நட்சத்திரம், இரு நட்சத்திரம்' என்று இருப்பவற்றைத் தனியே வையுங்கள். அவை தேசிய உடல்திறன் தேர்வில் தேறியதற்கானவை, யாரையும் ஜெயித்ததற்கானவை அல்ல.

1980-களில் உங்கள் பள்ளி அணி திடீரென்று சரிந்திருந்தால் பி.இ.டி.யைக் குறை சொல்லும் முன் வகுப்புகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978 வரை எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு. மேல்நிலைக் கல்வி வந்ததும் உயர்நிலைப் பள்ளி பத்தோடு நின்றது. அணியின் முதுகெலும்பாக இருந்த கடைசி வகுப்புப் பையன்கள் வெளியே போனார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி மேல்நிலையாக உயர்த்தப்பட்டிருந்தால் அவர்கள் அங்கே போய் அந்த அணிக்கு ஆடியிருப்பார்கள். சீனியர் பிரிவில் ஒரு பள்ளி காணாமல்போவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

குழுப்படங்களைக் கையாளும்போது அவசரம் வேண்டாம். செங்கோட்டைச் சாரலில் பல வருஷம் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தைக் கழற்றாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கண்ணாடி வழியாகவே படமெடுங்கள். கேப்டன் பெரும்பாலும் நடுவில், தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் இருப்பார். காலடியில் இருக்கும் பந்தில் சுண்ணாம்பால் வருஷம் எழுதியிருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். நகலெடுத்தவர் நெகடிவைத் திருப்பிப் போட்டுவிட்டாரா என்று பார்க்கச் சட்டைப் பொத்தான் போதும். ஆண்கள் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வரும், எல்லோருக்கும் வலப்பக்கம் மேலே இருந்தால் படம் திரும்பியிருக்கிறது, 'இடமிருந்து வலம்' என்ற பெயர் வரிசையும் தலைகீழ். ஓரத்தில் பெயரில்லாமல் நிற்பவர் பெரும்பாலும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட பியூன். அவர் பெயரைச் சம்பளப் பட்டியலில் தேடிப் போடுங்கள்.

கோப்பைகளைப் புளி போட்டுத் தேய்க்க யாராவது வருவார்கள், தடுத்துவிடுங்கள். பெரும்பாலானவை வெள்ளி முலாம்தான். தேய்த்தால் முலாமும் போகும், எழுத்தும் போகும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். தேய்ந்த எழுத்துக்கு இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாக உரசினால் எழுத்து எழும்பி வரும். கோப்பை சுழற்கோப்பையா, சொந்தமானதா என்றும் பாருங்கள். சுழற்கோப்பை பள்ளியிலேயே தங்கியிருந்தால் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்து உரிமையாக்கியிருக்கலாம். திருப்பிக் கொடுக்க மறந்ததாகவும் இருக்கலாம், பார்த்திருக்கிறோம் அல்லவா.

பழைய மாணவர்களிடம் 'எந்த வருஷம் ஜெயித்தீர்கள்' என்று கேட்டால் வருஷம் தப்பாகத்தான் வரும். 'அப்போது எந்த வகுப்பு, வகுப்பாசிரியர் யார்' என்று கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடி வருஷத்தை நீங்களே வையுங்கள். கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவாகிவிடும். தனித்தனியாக, படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். ரிலேயில் தனக்கு பேட்டன் தந்தவனை எண்பது வயதிலும் சரியாகச் சொல்வார்கள், ஓடிய நேரத்தைச் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக அட்டவணை. ஆண்டு, விளையாட்டு, போட்டியின் நிலை, எந்த மாவட்டம், முடிவு என்ற பத்திகளோடு 'எதிலிருந்து' என்று ஒன்றைச் சேருங்கள். அதில் கோப்பை, பதிவேடு, ரொக்கப் புத்தகம், படம், நேர்ப்பேச்சு என்று ஒரு சொல் போதும். எதுவும் கிடைக்காத வருஷத்துக்கு வரிசையை அழிக்காமல் வெற்றிடமாகவே அச்சிடுங்கள். மலர் வெளிவந்த மறுவாரம் யாராவது ஒருவர் பரணிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்துக்கொண்டு வருவார், அதை எழுத அங்கே இடம் இருக்க வேண்டும்.